மோரிஸுக்குப் புத்தகம் விற்றவர்

புத்தகம் விற்கிறவருக்கும் அச்சடிக்கிறவருக்கும் நடுவே நட்பு நிலைப்பது அபூர்வம். கழிவு எவ்வளவு, பாக்கி எப்போது, விற்காமல் தங்கிய பிரதிகளை என்ன செய்வது என்று பேசித் தீர்க்க வேண்டியவை நிறைய. மளிகைக் கடைகளில் ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று எழுதி மாட்டியிருப்பார்கள். புத்தகத் தொழிலுக்கும் அது பொருந்தும். அந்தத் தொழிலுக்குள்ளேயே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பில்லும் பணமும் கைமாறிக்கொண்டிருந்தும் முறியாத ஒரு நட்பைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

ஒருவர் வில்லியம் மோரிஸ். பெயரைச் சொன்னதும் பலருக்குச் சுவர்த்தாள் நினைவுக்கு வரும். இலையும் கொடியும் பறவையுமாகப் பின்னிக் கிடக்கும் அந்த வடிவங்கள் இன்றும் திரைச்சீலைகளிலும் நாட்குறிப்பு அட்டைகளிலும் கிடைக்கின்றன. கவிஞர், நெசவாளர், சாயம் தோய்ப்பவர், தெருமுனையில் நின்று பேசிய சோஷலிஸ்ட் என்று அவருக்குப் பல முகங்கள். 1834-ல் பிறந்தவர், 1891 ஜனவரியில், தன் 56-வது வயதில், லண்டனின் ஹேமர்ஸ்மித் பகுதியில் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கினார். தனியார் கலை அச்சகங்கள் என்று இன்று நாம் சொல்வதற்கெல்லாம் அதுதான் மூத்தது போலப் பேசப்படுகிறது.

இன்னொருவர் ஃப்ரெடெரிக் ஸ்டார்ட்ரிட்ஜ் எல்லிஸ். மோரிஸைவிட நான்கு வயது மூத்தவர். பழம்புத்தக வியாபாரி.

கெல்ம்ஸ்காட் அச்சகத்தின் கதையை யார் எழுதினாலும் அச்சு வல்லுநர் எமரி வாக்கர் வருவார், ஓவியர் பர்ன்-ஜோன்ஸ் வருவார், செயலாளராக இருந்த சிட்னி காக்கரல் வருவார். எல்லிஸ் பெரும்பாலும் அடிக்குறிப்பில்தான் இருப்பார். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. மோரிஸ் என்ற அச்சுக் கலைஞரின் கண் பழகியது பழைய புத்தகங்களைப் பார்த்துப் பார்த்துத்தான். அந்தப் புத்தகங்களை அவர் கையில் எடுத்துக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் எல்லிஸ்.

எல்லிஸ் படித்து வந்த அறிஞர் இல்லை. பதினாறு வயதில் லண்டன் சான்சரி லேனில் ஒரு புத்தகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். பிறகு ஸ்ட்ராண்ட் பக்கத்தில் இன்னொரு பழைய புத்தக வியாபாரியிடம் தொழில் பழகினார். 1860-ல் கோவென்ட் கார்டனில் கிங் தெருவில் சொந்தக் கடை போட்டார். பிரிட்டிஷ் மியூசியத்துக்கு ஏலங்களில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பும் அவரிடம் இருந்தது. கலை விமர்சகர் ரஸ்கின் அவரை ‘பாப்பா எல்லிஸ்’ என்று கூப்பிடுவார் என்றால் ஆளின் சுபாவம் ஓரளவு புரியும்.

பழம்புத்தக வியாபாரி என்றால் தூசி தட்டி விலை எழுதுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. ஐந்நூறு வருடத்துப் புத்தகம் ஒன்று கடைக்கு வருகிறது. முகப்புப் பக்கம் இருக்காது, ஏனென்றால் அந்தக் காலத்தில் முகப்புப் பக்கம் என்ற வழக்கமே முழுசாக வரவில்லை. யார் அச்சிட்டது, எந்த ஊர், எந்த ஆண்டு என்பதை எழுத்தின் வார்ப்பை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். தாளை ஒவ்வொன்றாகப் புரட்டி, ஏதாவது குறைகிறதா, வேறொரு பிரதியிலிருந்து எடுத்துச் சேர்த்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து நீர்க்குறியைப் பார்க்க வேண்டும். தன் வேலை தெரிந்த ஒரு வியாபாரிக்கு அச்சடிப்பவரைவிடவும் அச்சுக் கலை கண்ணில் படும். எல்லிஸ் அப்படிப்பட்டவர்.

1860-களின் நடுவில் மோரிஸ் அந்தக் கடைக்குள் வந்தார். ஏற்கெனவே புத்தகப் பித்து பிடித்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தபோதே பாட்லியன் நூலகத்தின் ஓவியச் சுவடிகளைப் பார்த்து மயங்கியவர். தொடக்கத்தில் வாடிக்கையாளர். பதினைந்தாம் நூற்றாண்டு ஜெர்மன் மரச்செதுக்குப் புத்தகங்கள் மேல் அவருக்கு ஆசை. உல்ம் நகரில் யோஹான் சைனர் 1473-ல் அச்சிட்ட பொக்காச்சியோவின் பெண்கள் பற்றிய நூல் அவர் உயிராக மதித்த புத்தகங்களில் ஒன்று. உல்ம், ஆக்ஸ்பர்க் நகரங்களின் படப் புத்தகங்களைப் பற்றிப் பின்னாளில் தனியாகக் கட்டுரையே எழுதினார்.

அந்தப் புத்தகங்களில் அப்படி என்ன இருக்கிறது? ஸ்கேன் படங்கள் இணையத்தில் இருக்கின்றன, பாருங்கள். படத்தின் கோடும் எழுத்தின் கோடும் ஒரே கனம். நிழல் தீட்டும் நுணுக்கம் எதுவும் இல்லை. மரக்கட்டையில் செதுக்கிய ஒரு பெண்ணின் முக்காடும், பக்கத்தில் வார்த்து வைத்த ஈய எழுத்தும் ஒரே மையில், ஒரே அழுத்தத்தில், ஒரே கறுப்பில் விழுந்திருக்கும். படம் எழுத்தை விழுங்காது, எழுத்து படத்துக்குக் கீழே வெளுத்துப் போகாது. பக்கம் முழுவதும் ஒரே கை செய்தது போல இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்துப் புத்தகத்தில் இதற்கு நேர் எதிர். மயிரிழை போல மெலிந்த எழுத்து, சாம்பல் நிறமாக வெளுத்த பக்கம், நடுவே எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டியது போல ஒரு படம். இந்த வித்தியாசம் மோரிஸ் மனசில் விழுந்து ஊறியது அந்தப் பழைய புத்தகங்களைக் கையில் வைத்துப் புரட்டியதால்தான். நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்திருந்தால் நடந்திருக்காது. வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், ராத்திரி விளக்கடியில் வைத்துப் பார்த்த புத்தகங்கள் அவை.

இந்தக் கண்ணோடு மோரிஸ் ஒரு பெரிய திட்டம் போட்டார். தன் நெடுங்கவிதையான ‘தி எர்த்லி பாரடைஸ்’ நூலைப் பெரிய அளவில், பர்ன்-ஜோன்ஸின் படங்களோடு, மரச்செதுக்குப் புத்தகமாக வெளியிடுவது. பர்ன்-ஜோன்ஸ் வரைந்து தள்ளினார். கட்டைகள் பலவற்றை மோரிஸே உளி பிடித்துச் செதுக்கினார். சிஸ்விக் அச்சகத்தில் மாதிரிப் பக்கங்கள் கோத்துப் பார்த்தார்கள். சரிவரவில்லை. அன்று கிடைத்த எழுத்துகள் எதுவும் அந்தக் கட்டைகளின் கனத்துக்கு ஈடு கொடுக்கவில்லை. திட்டம் கைவிடப்பட்டது.

இங்கேதான் எல்லிஸ் வெறும் கடைக்காரராக இல்லாமல் பதிப்பாளராகிறார். படம் இல்லாமல், சாதாரண புத்தகமாக, 1868 முதல் 1870 வரை ‘தி எர்த்லி பாரடைஸ்’ எல்லிஸின் பெயரில் வெளிவந்தது. இருபத்துநான்கு கதைகள், நாற்பதாயிரம் வரிகளுக்கு மேல். இன்று அதை முழுக்கப் படிக்கிறவர்கள் குறைவு. அன்றோ மோரிஸை நாடறிந்த கவிஞராக்கியது அந்த நூல்தான். டான்டே கேப்ரியல் ரோஸெட்டியின் கவிதைகளை 1870-ல் வெளியிட்டவரும் எல்லிஸ்தான். மனைவியின் சவப்பெட்டிக்குள் வைத்துப் புதைத்த கையெழுத்துப் படியை ஹைகேட் கல்லறையிலிருந்து தோண்டி எடுத்துக் கொண்டுவந்த கவிதைகள் அவை. சிக்கலான மனிதர்களின் புத்தகங்களை வெளியிட ஒரு பொறுமை வேண்டும். எல்லிஸிடம் அது இருந்தது.

அப்புறம் வீடு. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில், தேம்ஸ் நதி இன்னும் சின்னப் பிள்ளையாக ஓடும் இடத்தில், கெல்ம்ஸ்காட் என்றொரு கிராமம். அங்கே ஒரு பழைய கல்வீட்டை மோரிஸும் ரோஸெட்டியும் 1871-ல் கூட்டாக வாடகைக்கு எடுத்தார்கள். மோரிஸின் மனைவி ஜேன் மீது ரோஸெட்டிக்கு இருந்த காதல் ஊரறிந்தது. அந்த வீட்டில் மூவருக்கும் நடுவே நிலவிய இறுக்கத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை. 1874-ல் ரோஸெட்டி விலகினார். அவருடைய பங்கை ஏற்றுக்கொண்டவர் எல்லிஸ்.

எல்லிஸுக்குத் தூண்டில் போட்டு மீன் பிடிப்பதில் அப்படியொரு மோகம். மோரிஸுக்கும்தான். இரண்டு பேரும் படகில் உட்கார்ந்து தேம்ஸில் தூண்டிலைப் போட்டுக் காத்திருப்பார்கள். மோரிஸ் எல்லிஸுக்கு எழுதிய கடிதங்களில் புத்தகத்தோடு மீனும் சரிசமமாக வரும். மோரிஸ் சும்மா இருக்கத் தெரியாத மனிதர், கோபக்காரர், ஒரே சமயத்தில் நான்கு வேலை செய்கிறவர். அவரை மணிக்கணக்கில் அசையாமல் உட்கார வைக்கத் தெரிந்த நண்பர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ரோஸெட்டி இருந்தபோது அந்த வீடு மோரிஸுக்குத் தங்க முடியாத இடமாக இருந்தது. அது அவர் வாழ்நாளெல்லாம் நேசித்த இடமாக மாறியதில் எல்லிஸுக்கும் பங்கு உண்டு என்றுதான் நான் நம்புகிறேன். பின்னால் அச்சகத்துக்கு அந்த வீட்டின் பெயர்தான் வைக்கப்பட்டது.

1885-ல் எல்லிஸ் வியாபாரத்திலிருந்து ஓய்வு பெற்றார். அதற்குள் கடை நியூ பாண்ட் தெருவுக்குப் போய்ப் பெரிதாகியிருந்தது. அதை உறவினர் ஒருவரிடம் விட்டுவிட்டு, தென்மேற்குக் கடற்கரையில் டார்க்கீ நகரத்துக்குக் குடிபோனார். போன இடத்தில் ஷெல்லியின் கவிதைகளில் வரும் சொற்கள் அனைத்துக்கும் ஓர் அகராதி தயாரித்தார். 1892-ல் வெளிவந்தது அது. ஒரு கவிஞர் எந்தச் சொல்லை எங்கெங்கே பயன்படுத்தினார் என்று கையாலேயே குறித்து, வகைப்படுத்தி, அடுக்கிய உழைப்பு. கணினி இல்லாத காலம். இதற்கெல்லாம் யாரும் கைதட்ட மாட்டார்கள், ஆனாலும் செய்கிறார் பாருங்கள்.

1888 நவம்பர் 15 அன்று எமரி வாக்கர் அச்சுக்கலை பற்றி லண்டனில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். மேஜிக் லாந்தரில் பழைய எழுத்துகளைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். அதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும்போதே மோரிஸ் புது எழுத்து வடிவமைக்க வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டார் என்பது பிரபலமான கதை. உண்மைதான். ஆனால் திரையில் தெரிந்த எழுத்துகள் மோரிஸுக்குப் புதியவை இல்லை, இருபது வருடமாகக் காசு கொடுத்து வாங்கிப் புரட்டிய புத்தகங்களின் எழுத்துகள் அவை. வாக்கரின் லாந்தர் ஒரு பொறி. எரியக் காத்திருந்த விறகு வருடக்கணக்காகச் சேர்ந்தது.

வெனிஸில் நிக்கொலா ஜென்ஸன் 1476-ல் அச்சிட்ட பிளினி, அதே ஆண்டு அங்கே யாக்கோபுஸ் ரூபியுஸ் அச்சிட்ட ஃபிளாரன்ஸ் வரலாறு, இந்த இரண்டையும் மோரிஸ் முன்னால் வைத்துக்கொண்டார். வாக்கர் எழுத்துகளைப் புகைப்படமெடுத்துப் பெரிதாக்கித் தந்தார். அவற்றை மோரிஸ் திரும்பத் திரும்ப வரைந்தார், வடிவம் கைக்குள் வந்ததும் அசலை ஒதுக்கிவிட்டுத் தன் எழுத்தை வரைந்தார். எட்வர்ட் பிரின்ஸ் எஃகில் அச்சு வெட்டினார். தாளுக்கு மாதிரி 1473 வாக்கில் போலோன்யாவில் செய்த ஒரு கைத்தாள். அதைப் பார்த்து கென்ட் பகுதியில் ஜோசஃப் பேச்சிலர் லினன் கந்தலிலிருந்து புதுத்தாள் செய்து கொடுத்தார். மை ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து வந்தது. ஒரு பக்கத்தைத் தனியாகப் பார்க்கக் கூடாது, விரித்து வைத்த இரண்டு பக்கமும் சேர்ந்துதான் ஒரு வடிவம் என்பது மோரிஸின் பிடிவாதம். உள் ஓரம் குறுகல், மேல் ஓரம் கொஞ்சம் அதிகம், வெளி ஓரம் அதற்கும் அதிகம், கீழ் ஓரம் எல்லாவற்றையும்விட அகலம். இதையும் பழைய புத்தகங்களை அளந்தே கற்றார்.

முதலில் அச்சிட நினைத்த நூல் ‘தி கோல்டன் லெஜெண்ட்’, புனிதர்களின் கதைத் தொகுப்பு. வில்லியம் காக்ஸ்டன் 1483-ல் ஆங்கிலத்தில் அச்சிட்டது. அச்சகத்தின் முதல் எழுத்துக்கு ‘கோல்டன்’ என்று பெயர் வந்ததே இந்த நூலால்தான். தாளின் அளவில் சிக்கல் வந்ததால் வேறொரு சிறிய நூல், மோரிஸ் எழுதிய ‘தி ஸ்டோரி ஆஃப் தி கிளிட்டரிங் பிளெய்ன்’, 1891 மே மாதம் முதலாவதாக வந்தது. 200 பிரதி.

‘கோல்டன் லெஜெண்ட்’ பெரிய வேலை. மூன்று தொகுதி, 1,200 பக்கத்துக்கு மேல், 500 பிரதி. காக்ஸ்டன் அச்சிட்ட அசலை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகம் இரவல் கொடுத்தது. அதை அப்படியே அச்சுக் கோப்பவர் கையில் கொடுக்க முடியாது. விலைமதிப்பில்லாத புத்தகத்தை மைபட்ட விரல்களுக்கு நடுவே வைக்க முடியுமா? யாராவது உட்கார்ந்து முழுவதையும் கையால் நகல் எடுக்க வேண்டும். எடுத்தவர் எல்லிஸின் மகள். நூலைப் பதிப்பித்தவர் எல்லிஸ். அப்பாவும் மகளும் சேர்ந்து ஒரு நண்பரின் அச்சகத்துக்காக ஆயிரத்துச் சொச்சம் பக்கம் பழைய ஆங்கிலத்தை வரி வரியாகக் கடந்திருக்கிறார்கள். புரூஃப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதன் பாரம் தெரியும். நவீன எழுத்துக்கூட்டல் உள்ள நூலில் பிழை தானாகக் கண்ணில் உறுத்தும். காக்ஸ்டனிடம் ஒரே சொல் ஒரே பக்கத்தில் மூன்று விதமாக இருக்கும். எது அந்தக் காலத்து வழக்கம், எது அச்சுக் கோப்பவரின் கைத்தவறு என்று ஒவ்வொன்றாக முடிவு செய்ய வேண்டும்.

அந்த நூலின் விற்பனையை ஏற்றவர் பெர்னார்ட் குவாரிச், அன்றைய லண்டனின் மிகப் பெரிய பழம்புத்தக வியாபாரி. மோரிஸைச் சுற்றி இப்படி இரண்டு புத்தக வியாபாரிகள் இருந்தார்கள். குவாரிச்சோடு இருந்தது ஒப்பந்தம், 1890 செப்டம்பர் 11 என்று தேதி போட்டது. எல்லிஸோடு இருந்ததை எந்த ஒப்பந்தத்திலும் எழுத முடியாது. குவாரிச்சைக் குறைத்துச் சொல்லவில்லை, அவர் இல்லாமல் அந்த 500 பிரதியும் வாசகர்களிடம் போயிருக்காது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இருவரின் இடமும் மாறிய விதம். 1868-ல் மோரிஸ் எழுதினார், எல்லிஸ் வெளியிட்டார். 1890-களில் எல்லிஸ் பதிப்பித்தார், மோரிஸ் அச்சிட்டார். கெல்ம்ஸ்காட் வெளியிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட நூல்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். கீட்ஸ், ஷெல்லி, ஹெரிக், கோல்ரிட்ஜ், கேவென்டிஷ் எழுதிய கார்டினல் வுல்ஸியின் வாழ்க்கை என்று எத்தனையோ நூல்களில் பாடம் பார்த்தவர், தேர்ந்தெடுத்தவர் எல்லிஸ். அச்சகத்தின் அழகைப் பேசுகிறவர்கள் அங்கே அச்சான சொற்கள் யார் கை வழியாக வந்தன என்று கேட்பதே இல்லை. பிழையில்லாத வரி கண்ணில் படாது. அதுதான் பதிப்பாசிரியரின் கதி.

சாசருக்கு வருகிறேன். அதற்காகத்தான் இத்தனையும்.

ஆங்கிலக் கவிதையின் தந்தை என்று சொல்லப்படும் ஜெஃப்ரி சாசரின் மொத்தப் படைப்பையும் ஒரே நூலாக அச்சிட வேண்டும் என்று 1891 ஜூனிலேயே மோரிஸ் பேச ஆரம்பித்துவிட்டார். ‘டிராய்’ என்ற எழுத்தை வரைந்து மாதிரிப் பக்கம் போட்டுப் பார்த்தார். எழுத்து பெரிதாக இருந்தது. அதையே சின்னதாக மறுபடி வெட்டச் சொன்னார், அதற்கு ‘சாசர்’ எழுத்து என்று பெயர். முதல் தாள் அச்சானது 1894 ஆகஸ்ட் 8. கடைசித் தாள் 1896 மே 8. இடைப்பட்ட ஓராண்டு ஒன்பது மாதமும் கை அச்சு இயந்திரங்களில், ஆட்கள் இழுத்து இழுத்து அடித்தது. பர்ன்-ஜோன்ஸின் 87 படங்கள், அவற்றை மரத்தில் செதுக்கியவர் டபிள்யூ. எச். ஹூப்பர். மோரிஸ் வரைந்த முகப்பு, 14 பெரிய ஓரச்சட்டங்கள், படங்களைச் சுற்றி 18 சட்டங்கள். தாளில் 425 பிரதி, ஒன்று 20 பவுண்டு. கன்றுத் தோலில் 13 பிரதி, ஒன்று 120 கினி.

நடுவே ஒரு பெரிய பயம் வந்தது. அச்சான தாள்களில் மையைச் சுற்றி மஞ்சள் கறை படர ஆரம்பித்தது. கையால் செய்த தாள், மாதக்கணக்கான உழைப்பு, முன்பணம் கட்டிக் காத்திருக்கும் வாசகர்கள். மோரிஸ் உடைந்து போனார். கடைசியில் தாள்களை வெயிலில் காட்டியதும் கறை வெளுத்தது. லண்டன் வெயிலுக்கு அந்த வலிமை இருந்தது நம் நல்ல காலம்.

இதற்கெல்லாம் அடியில் எல்லிஸின் வேலை இருந்தது. சாசரின் பாடம் எளிதானதல்ல, அவர் காலத்துக்குப் பிறகு வேறு வேறு எழுத்தர்கள் நகல் எடுத்த சுவடிகள் ஒன்றோடொன்று முரண்படும். அப்போதுதான் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸ்கீட், சாசரின் முழுப் படைப்புகளையும் ஆய்வுப் பதிப்பாக ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரெண்டன் அச்சகத்தில் வெளியிட்டுக்கொண்டிருந்தார். அவர் செய்த திருத்தங்களைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கிடைத்தது. பேராசிரியர்களின் ஆய்வையும் மோரிஸின் ஓரச்சட்டங்களையும் ஒரே பக்கத்துக்குள் சண்டையில்லாமல் உட்கார வைக்கிற வேலை, புத்தகக் கடையில் பதினாறு வயதில் சேர்ந்த ஒருவரிடம் வந்து சேர்ந்தது. அடிக்குறிப்பு கிடையாது, பாடபேதப் பட்டியல் கிடையாது. கற்ற அத்தனையும் பாடத்துக்குள் மறைந்துபோக வேண்டும். எல்லிஸ் அதைச் செய்தார். நூலின் கடைசிக் குறிப்பில் வரிசை இப்படி இருக்கிறது: பதிப்பித்தவர் எஃப். எஸ். எல்லிஸ், பிறகு படம் வரைந்த பர்ன்-ஜோன்ஸ், பிறகு செதுக்கிய ஹூப்பர், எல்லாருக்கும் பின்னால் அச்சிட்ட வில்லியம் மோரிஸ்.

இத்தனை விலைக்குப் புத்தகம் போட்டவரா சோஷலிஸ்ட் என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். 1899-லேயே பொருளாதார அறிஞர் தார்ஸ்டீன் வெப்லன் கெல்ம்ஸ்காட் நூல்களைப் பணக்காரர்களின் பகட்டுக்கு உதாரணமாகக் காட்டினார். கேள்வியில் நியாயம் உண்டு. 1890-ல் மோரிஸ் தன் ‘நியூஸ் ஃப்ரம் நோவேர்’ கதையை ஒரு பென்னி விலை கட்சிப் பத்திரிகையில்தான் தொடராக எழுதினார் என்பதையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். என் கருத்தைச் சொல்கிறேன். ஒரு தொழிலாளி தன் வேலையைச் சந்தோஷமாக, அவசரமில்லாமல், முழுத் திறமையோடு செய்தால் பொருள் எப்படி இருக்கும் என்று ஒரு தடவையாவது செய்து காட்ட வேண்டியிருந்தது. அது மலிவாக வராது. வராது என்பதை மறைக்காமல் விலை போட்டார்கள். நாற்பது வருடம் பழம்புத்தகத் தொழிலில் ஊறிய எல்லிஸுக்கு நன்றாகச் செய்த புத்தகம் எத்தனை தலைமுறை தாங்கும் என்று தெரியும், ஏனென்றால் அவர் விற்றவை எல்லாம் நானூறு வருடம் தாங்கி வந்தவை.

சாசரின் முதல் இரண்டு பிரதிகள் 1896 ஜூன் 2 அன்று கட்டு முடிந்து வந்தன. ஒன்று பர்ன்-ஜோன்ஸுக்கு, ஒன்று மோரிஸுக்கு. மோரிஸ் அப்போதே உடம்பு தளர்ந்திருந்தார். கடைசி ஆண்டுகளில் அவருக்கு ஓவியச் சுவடிகள் மேல் பசி கூடியது. ‘விண்ட்மில் சால்ட்டர்’ என்ற பெயர் பெற்ற சங்கீதப் புத்தகம், பன்னிரண்டாம் நூற்றாண்டு விலங்கு நூல் ஒன்று என்று பெரும் தொகை கொடுத்து வாங்கினார். அக்டோபர் 3 அன்று இறந்தார். வயது 62.

உயிலை நிறைவேற்றும் பொறுப்பு மனைவி ஜேனுக்கும் காக்கரலுக்கும் எல்லிஸுக்கும் வந்தது.

இதை எழுதும்போது எனக்கு மனசு கனக்கிறது. தன் கடை மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, விலை பேசி, நண்பருக்கு விற்ற ஒருவர், இப்போது அந்த நண்பரின் நூலகத்தை விற்கும் இடத்தில் நிற்கிறார். நூலகம் அப்படியே ஓரிடத்தில் நிலைத்திருக்கலாம். ஆனால் குடும்பத்துக்குப் பணமும் வேண்டியிருந்தது. 1897-ல் மான்செஸ்டர் பக்கத்துச் சேகரிப்பாளர் ரிச்சர்ட் பென்னெட் மொத்தமாக வாங்கினார். பென்னெட்டுக்கு ஒரு வினோதமான வழக்கம்: பதின்மூன்று அங்குலத்துக்கு மேல் உயரமான புத்தகத்தைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார். தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை 1898 டிசம்பரில் சாதபீஸ் ஏலத்துக்கு அனுப்பினார். முப்பது வருடம் ஆசையாகச் சேர்த்தது சில நாட்களில் நாலா திசைக்கும் போனது.

அதே சமயம் அச்சகத்தில் மீதி வேலையும் நடந்துகொண்டிருந்தது. காக்கரல் முன்னின்று பாதியில் நின்ற நூல்களை முடித்தார். எல்லிஸ் பதிப்பித்த இரண்டு பழைய வீரக் கதைப் பாடல்கள் மோரிஸ் இறந்து ஓராண்டு கழித்து, 1897 நவம்பரில் வெளிவந்தன. 1898 மார்ச்சில் அச்சகம் மூடப்பட்டது. ஓரச்சட்டங்கள், முதலெழுத்துகள், படங்களுக்கான மரக்கட்டைகள் அனைத்தையும் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு யாரும் அவற்றிலிருந்து அச்சடிக்கக் கூடாது என்பது நிபந்தனை. வியாபாரம் தெரிந்த ஒருவருக்கு அந்தக் கட்டைகளின் சந்தை மதிப்பு தெரியாமல் இருக்குமா? தெரிந்தேதான் பூட்டினார்கள்.

எல்லிஸ் 1901 பிப்ரவரியில் இறந்தார். மறு ஆண்டு பென்னெட்டின் சேகரிப்பை அமெரிக்காவின் பியர்பான்ட் மார்கன் வாங்கினார். அதனால்தான் மோரிஸின் சுவடிகள் பலவும் இன்று நியூயார்க்கில் மார்கன் நூலகத்தில் இருக்கின்றன.

விற்பதற்கு முன்னால் அந்த நூலகத்தின் புத்தகங்களில் ஒரு சிறிய அட்டைத் துண்டை ஒட்டினார்கள். கெல்ம்ஸ்காட்டின் கோல்டன் எழுத்தில், இது ஹேமர்ஸ்மித் கெல்ம்ஸ்காட் இல்லத்து வில்லியம் மோரிஸின் நூலகத்திலிருந்து வந்தது என்று மட்டும் சொல்லும் துண்டு. ஒரு புத்தகம் யாரிடமிருந்து யாரிடம் போனது என்பதைத் தடம் விட்டு வைப்பது நல்ல பழம்புத்தக வியாபாரியின் முதல் பழக்கம். சிதறிப்போன அந்த நூலகத்தில் என்னென்ன இருந்தது, எந்தப் புத்தகம் இப்போது எந்த நாட்டில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று ஆய்வாளர்கள் இன்று இணையத்தில் ஒரு பட்டியல் தொகுத்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தேடலில் இந்தத் துண்டு அவர்களுக்குப் பெரிய துணை. பட்டியலைத் திறந்தால் ஒவ்வொரு பதிவிலும் புத்தகம் கைமாறி வந்த வழி இருக்கும். நேரம் கிடைத்தால் பாருங்கள், எல்லிஸின் பெயர் திரும்பத் திரும்ப வரும்.